திருத்தந்தை 23ஆம் யோவான்: வெறும் நல்ல தாத்தாவா, தெரிந்து செய்தவரா?

அருள்_நாகை எழுதியது:

திருத்தந்தையரைப் (போப்புகளைப்) பற்றிப் பேச்சு வந்தாலே நம் ஆட்கள் இரண்டாம் யோவான் பவுல், பிரான்சிஸ் என்ற இருவரோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். 23ஆம் யோவான். சொந்தப் பெயர் ஆஞ்சலோ ரொங்கால்லி.

1958 அக்டோபர் 28 அன்று 11ஆவது சுற்று வாக்கெடுப்பில் தேர்வானபோது அவருக்கு 77 முடிய ஒரு மாதம் பாக்கி. முந்தைய போப் 12ஆம் பயஸ் 19 ஆண்டுகள் ஆண்டு மறைந்திருந்தார். அடுத்து யார் என்று, போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்களுக்குள் ஒத்துவரவில்லை. நாலைந்து வருஷம் அமைதியாக ஓட்டட்டும் என்று ஒரு வயதானவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் அப்போதே பலரும் சொன்ன கணிப்பு. மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1959 ஜனவரி 25 அன்று ரோமில் மதிலுக்கு வெளியே உள்ள புனித பவுல் பேராலயத்தில், 17 கர்தினால்கள் முன்னால், பொதுச்சங்கம் கூட்டப்போகிறேன் என்று அறிவித்தார். உலகம் முழுக்க உள்ள ஆயர்கள் (பிஷப்புகள்) கூடும் பேரவை அது; இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்பது இதுதான். அதற்கு முந்தைய சங்கம் 1870இல் பாதியில் நின்றுபோனது. கர்தினால்கள் வாயே திறக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு குறை. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "சிரித்த முகம், குண்டு உடம்பு, நல்ல தாத்தா, திடீரென்று ஆவியானவர் தூண்டினார், சங்கம் கூட்டினார்" என்று முடித்துவிடுகிறார்கள். அவர் ரோமுக்கு வருமுன் கழித்த வருஷங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வத்திக்கானின் பிரதிநிதியாகப் பல்கேரியாவில் 10 ஆண்டு, துருக்கியிலும் கிரேக்கத்திலும் 10 ஆண்டு. கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையாக இருந்த நாடுகளில் 20 வருஷம் வாழ்ந்த மனிதர் அவர். அந்த 20 வருஷம் இல்லாமல் அந்தச் சங்கம் இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

அருள் அண்ணே, நல்ல தொடக்கம். பல்கேரியக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் தெரியாமல் கிடக்கிறது.

1925இல் அவரைப் பல்கேரியத் தலைநகர் சோபியாவுக்கு அனுப்பினார்கள். அது பதவி உயர்வு மாதிரித் தெரியும், ஆனால் ரோமிலிருந்து பார்த்தால் ஒரு மூலை. நாடு முழுக்க ஆர்த்தடாக்ஸ் சபை, அதாவது போப்பின் தலைமையை ஏற்காத கிழக்கத்தியக் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கர் சிதறிக் கிடந்த கிராமங்களுக்குக் கழுதையிலும் வண்டியிலும் போய் வந்தார். 1928இல் நிலநடுக்கம் வந்தபோது நிவாரண வேலையில் இறங்கினார்.

பிறகு 1930இல் ஒரு சிக்கல். பல்கேரிய மன்னர் மூன்றாம் போரிஸ் இத்தாலிய இளவரசி ஜொவான்னாவை அசிசியில் கத்தோலிக்க முறைப்படி மணந்தார். ஊருக்குத் திரும்பியதும் ஆர்த்தடாக்ஸ் முறையில் இன்னொரு சடங்கு. பிள்ளை பிறந்ததும் ஆர்த்தடாக்ஸ் ஞானஸ்நானம். ரோமின் கோபம் ரொங்கால்லி தலையில் விடிந்தது. அப்படியும் அவர் மன்னர் குடும்பத்தோடு உறவை அறுத்துக்கொள்ளவில்லை. அந்த உறவு பிறகு எங்கே உதவியது என்று பார்த்தால், 1943இல் யூதர்களுக்காகப் போரிஸுக்குக் கடிதம் எழுத முடிந்தது.

1934 கிறிஸ்துமஸ் அன்று சோபியாவில் அவர் ஆற்றிய பிரியாவிடை மறையுரையைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். உலகத்தில் நான் எங்கே இருந்தாலும், பல்கேரியாவைச் சேர்ந்த ஒருவர் இடைஞ்சலில் என் வீட்டு வழியாக இரவில் போனால், என் சன்னலில் ஒரு மெழுகுதிரி எரியக் காண்பார். கதவைத் தட்டுங்கள், நீங்கள் கத்தோலிக்கரா ஆர்த்தடாக்ஸா என்று கேட்க மாட்டேன், பல்கேரியச் சகோதரர் என்பது போதும், உள்ளே வாருங்கள். இந்தக் கருத்தில் பேசினார். 1934இல்! அன்றைய ரோம் மற்ற சபையாரைப் பிரிந்து போனவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம்.

இன்னாசி எழுதியது:

தம்பிகள் எழுதுவதைப் படித்தேன். எங்கள் காலத்தில் அவரை 23ஆம் அருளப்பர் என்போம். அவர் இறந்த செய்தி வந்தபோது நான் பீடப்பையன், பூசையில் குருவுக்கு உதவும் சிறுவன்.

ஒரு விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் நல்லவர், புனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் தொடங்கி வைத்த சங்கத்துக்குப் பிறகு கோயிலில் ஒரு மரியாதை குறைந்துபோனது. இலத்தீன் பூசையில் இருந்த அமைதி இப்போது எங்கே? இன்று ஒலிபெருக்கியும் கீபோர்டுமாக இருக்கிறது. இலத்தீனில் பதில் சொல்லும் பயிற்சியை எங்களுக்கு உபதேசியார் கொடுத்தார். தமிழ் எழுத்தில் எழுதி வைத்த தாள் இருக்கும். குருவானவர் "தோமினுஸ் வோபீஸ்கும்" என்றதும் "எத் கும் ஸ்பீரித்து தூவோ" என்போம். உச்சரிப்பு பிசகினால் பூசை முடிந்து சக்ரீஸ்தியில் (குரு பூசை உடை மாற்றும் அறையில்) காது திருகப்படும். இன்றைக்கும் அந்த வரிகள் எனக்கு வரும்.

இன்னொன்று. 23ஆம் அருளப்பரே இலத்தீனை விடச் சொல்லவில்லை. 1962 பிப்ரவரியில், சங்கம் தொடங்க எட்டு மாதம் முன்பு, குருமடங்களில் இலத்தீன் கட்டாயம் என்று தனி ஆணையே போட்டார். அதை யாரும் இப்போது சொல்வதில்லை.

தேன்மொழி எழுதியது:

இன்னாசி ஐயா, உங்கள் நினைவை மதிக்கிறேன். ஆனால் அதே பூசையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மாச்சிக்கு ஒரு வார்த்தை புரியாது. பூசை நடக்கும்போது அவர் பாட்டுக்குச் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பாராம். மணி அடித்தால் தலை குனிவது, அவ்வளவுதான். மறையுரையும் பாட்டும் தமிழில் இருந்தன, சரி. பூசையின் நடுப்பகுதி முழுக்கத் தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாகவே 40 வருஷம் போயிற்று என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழில் முதன்முதலாக முழுப் பூசை கேட்ட ஞாயிற்றுக்கிழமையை அவர் சாகும்வரை பேசினார்.

அமைதி என்பது குருவுக்கும் பீடப்பையனுக்கும் இருந்திருக்கலாம். புரியாதவருக்கு அது வெளியே நிற்பதுதான்.

அருள்_நாகை எழுதியது:

இலத்தீன் விஷயத்தில் இன்னாசி ஐயா சொன்னது முழு உண்மை. 1962இன் அந்த ஆணை இருக்கிறது. 1960இல் ரோம் மறைமாவட்டத்துக்கு அவர் நடத்திய மாமன்றமும் ரொம்பப் பழைய பாணிதான். குருக்கள் என்ன உடுத்த வேண்டும், எங்கே போகக்கூடாது என்பது வரைக்கும் விதி. அவர் புரட்சிக்காரர் இல்லை. 14 வயதில் தொடங்கிய ஆன்மிக நாட்குறிப்பைக் கடைசி வரை எழுதினார். அதைப் புரட்டினால் செபமாலை, ஒறுத்தல், தினசரி ஆத்துமசோதனை என்று அந்தக் காலக் கிராமத்துப் பங்குச்சாமியாரின் பக்தி அப்படியே இருக்கிறது.

ஆனால் துருக்கியில் அவர் செய்ததையும் சேர்த்துப் பாருங்கள் ஐயா. 1935இல் அங்கே மதகுருக்கள் பொதுவெளியில் அங்கி அணியக்கூடாது என்று சட்டம் வந்தது. அவர் தகராறு செய்யவில்லை, கோட்டு சூட்டுக்கு மாறினார். அடுத்த வருஷத் தொடக்கத்தில் இஸ்தான்புல் பேராலயத்தில் "இறைவன் போற்றப்படுவாராக" என்ற புகழுரையைத் துருக்கி மொழியில் சொல்ல வைத்தார். இலத்தீனும் பிரெஞ்சும் கேட்டுப் பழகிய சபையில் பலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியேறினார்கள். அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஊர்க்காரர் மொழியில் கடவுளைப் பேசினால் என்ன என்ற எண்ணம் சங்கத்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே அவரிடம் இருந்தது. குருமாணவன் இலத்தீன் படிக்கட்டும், சனங்கள் தம் மொழியில் செபிக்கட்டும் என்ற இரண்டும் அவர் மனசில் முட்டிக்கொள்ளவில்லை.

பூசையில் ஊர் மொழிக்கு வழிவிட்டது வழிபாடு பற்றிய சங்க ஏடு. அது 1963 டிசம்பர் 4 அன்று 2,147க்கு 4 என்ற வாக்கில் நிறைவேறியது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. நாலு ஆயர்கள்தான் எதிர்த்தார்கள் என்றால் உலகம் முழுக்க இருந்த ஆயர்கள் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்.

கீழவயல் எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை. இந்த இழையைத் தற்செயலாகப் பார்த்தேன். அவர் விவசாயக் குடும்பம் என்று கேள்விப்பட்டது உண்டு. என்ன மாதிரி விவசாயம்? சொந்த நிலமா, குத்தகையா? ஐரோப்பாவில் எல்லாரும் பண்ணை வைத்த ஆள்கள் என்று ஒரு எண்ணம் நமக்கு.

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

கீழவயல், வாரக் குடும்பம். நம் ஊரில் வாரத்துக்கு உழுவது என்போமே, அதேதான். வடக்கு இத்தாலியில் பெர்காமோ பக்கத்தில் சோத்தோ இல் மோந்தே என்ற சின்ன ஊர். 1881 நவம்பர் 25 பிறப்பு. நிலம் ஒரு பிரபு குடும்பத்துடையது. விளைச்சலில் பாதி அங்கே போகும். வீட்டில் ஒரு டஜனுக்கு மேல் பிள்ளைகள், இவர் நாலாவது, மூத்த ஆண். பெரியப்பா சித்தப்பா குடும்பங்களும் அதே கூரைக்குக் கீழே. கீழே மாட்டுத்தொழுவம். தினம் மக்காச்சோளக் களி. வழியில் வந்த பிச்சைக்காரர் யாராவது இருந்தால் அவருக்கும் அதே பந்தியில் இடம் என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

போப் ஆன பிறகும் குடும்பம் அப்படியே இருந்தது. தம்பிகள் நிலத்தில் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு பட்டமோ சொத்தோ வாங்கித் தரவில்லை. "ஏழையாகப் பிறந்தேன், ஏழையாகச் சாவதில் தனி மகிழ்ச்சி" என்று உயிலில் எழுதினார். அந்தக் காலத்து ரோமில் இது சாதாரண விஷயம் இல்லை. அவருக்கு முந்தைய போப்பின் அண்ணன் மகன்களுக்கு இளவரசர் பட்டமே இருந்தது.

அருள்_நாகை எழுதியது:

கீழவயல், உங்களுக்காகவே ஒன்று. 1961 மே மாதம் தேதியிட்டு அவர் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் (போப் எழுதும் போதனைக் கடிதம்) விவசாயத்துக்கு என்றே ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. அதற்கு முந்தைய சமூகச் சுற்றுமடல்களில் ஆலைத் தொழிலாளிதான் நடுநாயகம். முதன்முதலில் உழவனை நடுவில் உட்கார வைத்தவர் இவர்.

உள்ளே என்ன இருக்கிறது என்றால்: கிராமத்தை விட்டு ஜனங்கள் ஏன் ஓடுகிறார்கள்? விவசாயம் எல்லா இடத்திலும் பின்தங்கிய தொழிலாக வைக்கப்பட்டிருப்பதால். அதைச் சரிசெய்ய வேண்டுமானால் கிராமத்துக்கு ரோடு, போக்குவரத்து, குடிநீர், வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் வேண்டும். உழவனிடம் அவன் வருமானத்துக்கேற்ற வரி. நியாயமான வட்டியில் கடன். பயிருக்கும் குடும்பத்துக்கும் காப்பீடு. விளைபொருளுக்கு விலைப் பாதுகாப்பு. கூட்டுறவுச் சங்கம். விலையைப் பற்றி எழுதும்போது, சோறு எல்லாருக்கும் தேவை என்பதற்காக விளைவித்தவனைத் தாழ்ந்த நிலையிலேயே வைத்திருப்பது நியாயம் இல்லை என்கிறார். இது வாரத்துக்கு உழுத வீட்டில் பிறந்தவனுக்குத்தான் வரும்.

கீழவயல் எழுதியது:

அண்ணே, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு மூன்று ராத்திரி படுத்தவனுக்கு இந்தக் கடைசி வரி எப்படிப் படும் என்று சொல்லத் தேவையில்லை. விலைவாசி ஏறுகிறது என்று டவுனில் கத்தினால் உடனே நெல் விலையில் கை வைப்பார்கள். உரத்தின் விலையில் வைக்க மாட்டார்கள். 1961இல் ரோமில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் இதை எழுதியிருக்கிறார் என்றால் அவர் வயலை விட்டுப் போகவே இல்லை என்று அர்த்தம்.

தேன்மொழி எழுதியது:

எல்லாரும் புகழ்வதால் நான் மறுபக்கத்தை வைக்கிறேன். புனிதர் என்று அறிவித்துவிட்டார்கள் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

முதலாவது, பிரான்சில் தொழிலாளர் குருக்கள். ஆலைகளில் கூலி வேலை செய்துகொண்டே பணி செய்தவர்கள். 12ஆம் பயஸ் காலத்திலேயே கழுத்தை நெரிக்கத் தொடங்கினார்கள். ஆனால் 1959 ஜூலையில் மிச்சமிருந்ததையும் முடித்து வைத்தது இவர் ஆட்சி. 1965இல் அடுத்த போப் ஆறாம் பவுல் காலத்தில்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. பாரிஸில் 8 வருஷம் தூதராக இருந்தவர், அந்தக் குருக்களை நேரில் அறிந்தவர், ஏன் தடுக்கவில்லை?

இரண்டாவது இன்னும் கனமானது. 1962 மார்ச்சில் அவர் ஒப்புதலோடு திருஅலுவலகம் (விசுவாசக் கோட்பாட்டைக் காக்கும் வத்திக்கான் அலுவலகம்) ஒரு இரகசிய அறிவுறுத்தலை ஆயர்களுக்கு அனுப்பியது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் இடத்தில்) பெண்களையோ பிள்ளைகளையோ தவறாக அணுகும் குருக்களை எப்படி விசாரிப்பது என்பது அதன் பொருள். சிறுவர் மீதான குற்றங்களும் அதில் வருகின்றன. விசாரணை முழுக்க மூடிய அறைக்குள். வெளியே பேசினால் சபைநீக்கம். 2003இல்தான் அது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் குரல் எத்தனை பத்தாண்டுகள் அந்த மூடிய அறைக்குள் அடைபட்டது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இதையும் அவர் மரபுக் கணக்கில் எழுத வேண்டும்.

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

தேன்மொழி அக்கா, இரண்டும் உண்மை. இரண்டாவதில் ஒரு தகவல் மட்டும் சேர்க்கிறேன்: அந்த அறிவுறுத்தல் 1922இல் வந்ததன் மறுபதிப்பு என்றே சொல்லலாம், கொஞ்சம் விரிவாக்கியது. புதிதாக அவர் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. விசாரணையில் ஈடுபட்டவர்களுக்கும் புகார் கொடுத்தவருக்கும் இரகசியம் காக்கச் சத்தியம் வாங்கினார்கள்.

தேன்மொழி எழுதியது:

பழைய ஏற்பாடு என்பது விளக்கம்தான் தம்பி. நியாயம் ஆகாது. கண்டிப்பைவிட இரக்கம் என்ற மருந்து நல்லது என்று அதே வருஷம் சங்கத் தொடக்கத்தில் பேசியவர், அந்த இரக்கம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் பார்த்திருக்க வேண்டும். நான் அவரை வெறுக்கவில்லை. அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகம் படிக்க மாட்டேன்.

அருள்_நாகை எழுதியது:

கிழிக்க வேண்டாம் தேன்மொழி. நானும் அதை நியாயப்படுத்தவில்லை. திருஅலுவலகத்தைக் கர்தினால் ஒத்தாவியானி கையில் அப்படியே விட்டுவைத்தார் இவர். பழைய ஆட்களைத் தூக்கியெறியும் சுபாவம் அவரிடம் கிடையாது. அந்தச் சுபாவத்தால் சில நன்மை, சில பெரிய தீமை. தொழிலாளர் குருக்கள் விஷயத்தில் அது தீமையாக முடிந்தது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அவர் தீர்மானமாகக் கை நீட்டிய ஒரு நாள் உண்டு. அதைச் சொல்லாமல் சங்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ரோம் அலுவலகங்கள் முன்கூட்டியே 70 வரைவுகள் தயாரித்து வைத்திருந்தன. ஆயர்கள் வந்து ஒப்புக்குக் கைதூக்கிவிட்டுப் போவார்கள் என்ற நினைப்பு. 1962 நவம்பரில் இறைவெளிப்பாடு பற்றிய வரைவு வந்தது. ஒத்தாவியானி குழுவின் தயாரிப்பு. இது சரிப்படாது, நிறுத்துங்கள் என்று 1,368 பேர். தொடருங்கள் என்று 822 பேர். நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 105 வாக்குக் குறைவு. விதிப்படி பார்த்தால் பெரும்பான்மைக்குப் பிடிக்காத வரைவு தொடர வேண்டும்! மறுநாள் யோவான் குறுக்கிட்டார். வரைவைத் திரும்பப் பெற்றார். ஒத்தாவியானியையும் பிற கிறிஸ்தவ சபைகளோடு உறவுக்கான கிறிஸ்தவ ஒன்றிப்புச் செயலகத்தின் கர்தினால் பேயாவையும் ஒரே குழுவில் கூட்டாகத் தலைவராக்கி, சேர்ந்து எழுதுங்கள் என்று அனுப்பினார். அந்த நாளிலிருந்து சங்கம் ஆயர்களின் சங்கம் ஆனது.

சன்னலைத் திறந்து காற்று வரவிட்டார் என்ற கதையை எல்லாரும் சொல்கிறார்கள். நான் இந்த நவம்பர் நாளைத்தான் சொல்வேன்.

யாழ்_தோழன் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நல்ல இழை. எங்கட பக்கம் பாப்பரசர் என்றுதான் சொல்வம்.

போரைக் கண்டு வளர்ந்த ஆள் எண்டபடியால் எனக்கு அவரின் கடைசிச் சுற்றுமடல்தான் முக்கியம். 1963 ஏப்ரல் 11, பெரிய வியாழன். உலக அமைதி பற்றியது. அதுவரை சுற்றுமடல்கள் ஆயர்களுக்கும் விசுவாசிகளுக்கும்தான் எழுதப்பட்டன. இது "நல்மனம் கொண்ட எல்லா மனிதருக்கும்" என்று எழுதப்பட்டது. வாழும் உரிமை, மனச்சாட்சிப்படி கடவுளை வழிபடும் உரிமை, கருத்துச் சொல்லும் உரிமை, குடிபெயரும் உரிமை என்று வரிசையாக வைத்தார். சிறுபான்மை இனங்களின் மொழி, பண்பாடு, பொருளாதாரத்தை அரசுகள் வளர்க்க வேண்டும், அவர்களின் உயிரோட்டத்தை அடக்குவது நீதிக்கு எதிரான பெருங்குற்றம் என்று ஒரு பகுதி இருக்குது. அதோட சிறுபான்மையினரும் தங்கள் சிறப்பை மிகைப்படுத்தி மற்றவர்களோடு சேராமல் ஒதுங்கக்கூடாது என்றும் எழுதுகிறார். இரண்டையும் ஒரே இடத்தில் எழுதத் துணிச்சல் வேணும். நான் அந்தப் பகுதியைக் கொழும்பில் இருந்த காலத்தில் படிச்சனான். யாருக்கு எழுதினாரோ தெரியாது, எங்களுக்கு எழுதின மாதிரி இருந்தது.

தேன்மொழி எழுதியது:

யாழ்_தோழன், அதே மடலில் காலத்தின் அடையாளங்கள் என்று மூன்றைச் சொல்கிறார். தொழிலாளர் தம் உரிமையில் முன்னேறுவது, பெண்கள் பொதுவாழ்வுக்கு வருவது, காலனி நாடுகள் விடுதலை பெறுவது. பெண்கள் தங்கள் மாண்பை உணர்ந்துவிட்டார்கள், இனி வீட்டிலும் நாட்டிலும் மனிதருக்குரிய உரிமையைக் கேட்பார்கள் என்று குறை கூறாமல், வரவேற்று எழுதினார். 1963இல் ஒரு போப் அப்படி எழுதியது எனக்கு இன்றும் வியப்பு. திருச்சபைக்குள் அந்த வரி எவ்வளவு தூரம் வந்தது என்பது வேறு கணக்கு.

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

அந்த மடலுக்குப் பின்னால் கியூபா இருக்கிறது. 1962 அக்டோபரில் சங்கம் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கியூபாவில் சோவியத் வைத்த ஏவுகணைகளால் அமெரிக்காவும் சோவியத்தும் அணுகுண்டின் விளிம்பில் நின்றன. அக்டோபர் 25 அன்று வத்திக்கான் வானொலியில் பேசினார். யார் பக்கமும் சாயாமல், பேச்சுவார்த்தைக்கு வாருங்கள், மனிதகுலத்தின் ஓலத்தைக் கேளுங்கள் என்றார். மறுநாள் மாஸ்கோவின் பிராவ்தா அதை முதல் பக்கத்தில் போட்டது. கடவுள் இல்லை என்ற கட்சியின் நாளேடு!

அவர்தான் போரை நிறுத்தினார் என்று சிலர் எழுதுவது மிகை. துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்ற அதிபர் கென்னடி மறைவாக ஒத்துக்கொண்டதுதான் முடிச்சை அவிழ்த்தது. ஆனால் பின்வாங்குவதற்கு ஒரு கண்ணியமான வழி இருக்கிறது என்று சோவியத் தலைவர் குருஷேவுக்குக் காட்டியதில் அந்த உரைக்குப் பங்கு உண்டு. அதன் பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. 18 ஆண்டுகள் சோவியத் சிறையிலும் முகாமிலும் கிடந்த உக்ரைன் பேராயர் யோசிப் சிலிபி 1963 பிப்ரவரியில் ரோம் வந்து சேர்ந்தார். மார்ச்சில் குருஷேவின் மகளையும் மருமகன் அட்ஜுபேயையும் போப் சந்தித்தார். இத்தாலியில் கூச்சல். ஏப்ரல் தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்குப் பத்து லட்சம் வாக்குக் கூடியபோது போப்தான் காரணம் என்று வலதுசாரிகள் திட்டினார்கள். அவர் பதில் சொல்லவில்லை. வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்தது.

இன்னாசி எழுதியது:

யூதர்களுக்கு அவர் செய்த உதவி பற்றி யாராவது விவரமாக எழுதுங்கள். ஒருவர் இருபத்துநாலாயிரம் பேர் என்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்.

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

ஐயா, தொகையை விட்டுவிடுங்கள், அதில் ஆளுக்கொரு கணக்கு. ஏட்டில் இருப்பதைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது இஸ்தான்புல் நடுநிலை நாட்டில் இருந்த நகரம்; ஐரோப்பாவிலிருந்து பாலஸ்தீனம் போகும் வழி. யூதர்களைப் பாலஸ்தீனத்தில் குடியேற்றிய யூத முகமையின் ஆள் ஹயிம் பர்லாஸ் அவரிடம் அடிக்கடி வந்தார். பாலஸ்தீனத்தின் தலைமை ரபி (யூத மதகுரு) ஹெர்ட்சாக்கும் வந்து பார்த்தார். ரொங்கால்லி குடியேற்றச் சான்றிதழ்களைத் தன் தூதரகப் பை வழியாக ஹங்கேரிக்கு அனுப்பினார். ரோமுக்கும் தூதர்களுக்கும் மன்னர் போரிஸுக்கும் எழுதினார்.

போப் ஆன முதல் வருஷம் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து இருந்த இழிச்சொல்லை எடுக்க வைத்தார். 1960இல் ஜூல் இசாக் என்ற பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் வந்தார். மனைவியையும் மகளையும் நாஜிகளிடம் இழந்தவர். கிறிஸ்தவப் போதனையில் உள்ள யூத வெறுப்பை நீக்குங்கள் என்று மனுவோடு வந்தார். அந்த மனு பேயாவிடம் போய், 1965 அக்டோபர் 28 அன்று பிற சமயங்கள் பற்றிய சங்க ஏடாக முடிந்தது. அதே ஏடுதான் இந்து, புத்த, இஸ்லாமிய சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவை எவையோ அவற்றைத் திருச்சபை ஒதுக்கவில்லை என்றது.

1960 அக்டோபரில் அமெரிக்க யூதக் குழு ஒன்று வந்தபோது, எகிப்தில் யோசேப்பு அண்ணன்மாரிடம் சொன்னதையே சொல்லி வரவேற்றார்: "நானே யோசேப்பு, உங்கள் சகோதரன்." அவருடைய ஞானஸ்நானப் பெயரில் ஜுசெப்பேயும் ஒன்று.

அருள்_நாகை எழுதியது:

இதுதான் நான் முதலில் சொன்னது. துருக்கியில் பர்லாஸைத் தெரிந்தவருக்குத்தான் ரோமில் இசாக்கைக் கேட்கக் காது இருக்கும்.

சிறைக்குப் போன கதையையும் யாரும் தொடவில்லையே. 1958 டிசம்பர் 26, தேர்வாகி இரண்டு மாதம். ரோமில் தைபர் கரையில் உள்ள ரெஜினா செலி சிறை. "நீங்கள் என்னிடம் வர முடியாது, அதனால் நான் வந்தேன்" என்று தொடங்கினார். தன் உறவினர் ஒருவர் அனுமதி இல்லாமல் வேட்டையாடி மாட்டியதை அவர்களிடமே சொன்னார். கொலைக் கைதி ஒருவர் முன்னால் வந்து, நீங்கள் சொன்ன வார்த்தைகள் என்னைப் போன்றவனுக்கும் உண்டா என்று கேட்டார். போப் பதில் பேசவில்லை, குனிந்து அவரை எழுப்பிக் கட்டிக்கொண்டார். பல பத்தாண்டுகளாக எந்தப் போப்பும் இப்படி வெளியே போனதில்லை.

நம் பக்கத்து இணைப்பு ஒன்றும் சொல்கிறேன். வேளாங்கண்ணித் திருத்தலத்தைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தியது இவர்தான், 1962 நவம்பரில். சங்கத்தின் முதல் அமர்வு நடந்துகொண்டிருந்த மாதம். செப்டம்பர் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கீழவயல் எழுதியது:

நாங்கள் குடும்பத்தோடு வருஷா வருஷம் வேளாங்கண்ணி போகிறோம் அண்ணே, எங்கள் தெருவே போகும். இது தெரியாது.

ஒரு கேள்வி. சங்கம், மனித மாண்பு எல்லாம் சரி. எங்கள் பக்கத்து ஊரில் கிறிஸ்தவக் கல்லறையிலேயே சாதிக்கு ஒரு பக்கம் இருக்கிறதே?

தேன்மொழி எழுதியது:

இருக்கிறது. எங்கள் பங்கிலும் சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில் பிரச்சினை வந்திருக்கிறது. தலித் கிறிஸ்தவர்கள் இதைச் சபைக்குள்ளேயே எதிர்த்துப் போராடி வருகிறார்கள். ஒரு மனிதனுக்கும் இன்னொருவனுக்கும் பிறப்பால் உயர்வு தாழ்வு கிடையாது, இன வேற்றுமைக்கு எந்த நியாயமும் இல்லை என்று 1963 மடலில் அச்சாகிக் கிடக்கிறது. மறையுரையில் அந்த மடலின் பெயர்கூட வருவதில்லை. ரோமில் எழுதியது நம் கல்லறைச் சுவரைத் தாண்ட 60 வருஷம் போதவில்லை. இதற்கு 23ஆம் யோவான் பொறுப்பில்லை, நாம்தான்.

இன்னாசி எழுதியது:

இதில் தேன்மொழி சொல்வதை நான் மறுக்க மாட்டேன். எங்கள் காலத்தில் கோயிலுக்குள்ளேயே கம்பித் தடுப்பு இருந்தது. அது எடுக்கப்பட்டதும் சங்கத்துக்குப் பிறகுதான். இலத்தீன் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. தடுப்பு போனதில் இல்லை.

யாழ்_தோழன் எழுதியது:

அவரின் சாவு பற்றி ஒருதரும் எழுதேல்லை. 1963 ஜூன் 3, திங்கட்கிழமை மாலை. முதல்நாள் பெந்தகோஸ்தே. பேதுரு சதுக்கத்தில் அவருக்காகப் பூசை நடந்துகொண்டிருந்தது, சனம் நிறைஞ்சு நிண்டது. பூசை முடியிற நேரம் உயிர் பிரிஞ்சது. போப்பாக இருந்தது ஐந்து வருஷம்கூட இல்லை. சங்கத்தின் 16 ஏடுகளில் ஒன்றுகூட அவர் கையெழுத்தில் வரவில்லை. இரண்டாம் யோவான் பவுல் 2000இல் அருளாளராக்கினார் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி), 9ஆம் பயஸோடு சேர்த்து. பிரான்சிஸ் 2014 ஏப்ரல் 27 அன்று இரண்டாவது அற்புதம் கேளாமலே புனிதராக்கினார்.

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

ஆமாம், பல்கேரியாவை மறுபடி ஒருமுறை சொல்லவேண்டும். பிரான்சிஸ் 2019இல் சோபியா போனபோது 23ஆம் யோவானைத்தான் அங்கே நினைவுகூர்ந்தார். மூலை என்று நினைத்து ரோம் அவரை அனுப்பிய இடம்.

கீழவயல் எழுதியது:

அருள் அண்ணே, அந்த விவசாயப் பகுதி தமிழில் கிடைக்குமா? எங்கள் உழவர் குழுவில் அடுத்த மாதக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். விலைப் பாதுகாப்பு வரி மட்டும் போதும், ஒரு பக்கம்.

அருள்_நாகை எழுதியது:

பங்கு நூலகத்திலும் குருமட நூலகத்திலும் கேட்கிறேன். கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியை நானே தமிழில் எழுதி இங்கேயே போட்டுவிடுகிறேன். தேன்மொழி, சிறுபான்மையினர் பகுதியையும் பெண்கள் பகுதியையும் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா? யாழ்_தோழன் சரிபார்க்கட்டும்.

தேன்மொழி எழுதியது:

எடுத்துக்கொள்கிறேன். 1962 அறிவுறுத்தலைப் பற்றியும் தனி இழை தொடங்குவேன். அங்கேயும் எல்லாரும் வரவேண்டும்.